நுரைக்காத வெள்ளை

வட்டமான மெஷின் மூலைக்குப் போகாது. இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. பெரம்பலூரில் நான் கடைசியாக வேலை பார்த்த கிளீனிங் குழுவுக்குப் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது. கீழே சுழலும் பிரஷ், மேலே தண்ணீர் டப்பா, பின்னால் பிடித்துத் தள்ள ஒரு கைப்பிடி. நடு ஹாலைக் கண் மூடித் திறப்பதற்குள் பளபளவென்று ஆக்கிவிடும். ஆனால் சுவரோரம் நாலு விரல் அகலத்துக்கு அழுக்கை அப்படியே விட்டுவிட்டு வரும். மூலையில் அதைவிட மோசம், முக்கோணமாக ஒரு கறுப்பு நிற்கும். "மெஷின் வந்த பிறகும் நாங்க குந்தித்தான் உக்காரணுமாக்கா?" என்று சுகன்யா கேட்டாள். நான் பார்த்த வேலைக்கு இப்போது வந்திருக்கும் பெண் அவள். "உக்காருடி, எனக்கு முட்டி போச்சுல்ல, உனக்கும் போவட்டும்" என்றேன்.

அவள்தான் போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஏதோ ஒரு வீட்டுப் படுக்கையறை. சுவரை ஒட்டிய டைல் ஜாயிண்டில், இரண்டு டைலுக்கு நடுவே உள்ள சிமெண்ட் கோட்டில், வெள்ளையாகப் பூத்திருந்தது. உடனே போனும் வந்தது.

"கழுவக் கழுவ வருதுக்கா. ஆசிட்டை நல்லா ஊத்தி வுட்டுடவா?"

போனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஊத்து. ஆனா ஒரே ஒரு சொட்டு. நுரைக்குதான்னு பாரு. நுரைச்சா நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நுரைக்கலைன்னா எதையும் தொடாம எனக்குச் சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து, "நுரைச்சுதுக்கா, புஸ்ஸுன்னு வந்துச்சு" என்றாள். அப்பாடா என்று இருந்தது. "நுரைக்கலைன்னா என்னக்கா?" என்று அவள் விடாமல் கேட்டாள். அதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. முதலில் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். அங்கே வேலை கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், வேகம் கற்றுக்கொண்டேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் துடைத்தாக வேண்டும், அவ்வளவுதான் அங்கே கணக்கு. வேலை என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் ஸ்டெல்லா அக்கா. வரதராசன்பேட்டைக்காரர். வீடு, மண்டபம், ஆபீஸ் என்று ஒப்பந்தம் பேசி, எங்களைப் போல் நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர், அரியலூர் முழுக்கச் சுற்றியவர்.

ஸ்டெல்லா அக்கா திட்டவே மாட்டார். திட்டினால்கூடத் தேவலாம் என்று இருக்கும். வேலை முடிந்தது என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகவே வெறுங்காலில் நடந்து வருவார். பாதத்தில் மண் நறநறத்தால் நின்றுவிடுவார். அப்படியே அந்த மூலையைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன விட்டுப்போச்சு என்று நாமே கண்டுபிடிக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். ஒரு தடவை வீட்டுக்காரர் வந்து பார்த்து, "அந்தம்மாவுக்கு மயக்கம் கியக்கமா?" என்று பயந்தே போய்விட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. ஈரத்துணியை முதலில் தொடக்கூடாது. காய்ந்த துடைப்பத்தால் ஓரத்தைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூசி சேறாகி ஜாயிண்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து, சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டில் துணியைச் சுற்றி, சுவர் தரையோடு சேரும் கோட்டில் இழுக்க வேண்டும். பிறகு வெந்நீரில் சோப் ஆயில் கலந்து கோட்டுக்கு மட்டும் ஊற்றி, ஒரு டீ குடிக்கிற நேரம் ஊறவிட வேண்டும். பிரஷ் கோட்டோடுதான் போக வேண்டும், குறுக்கே போனால் சிமெண்டைத் தோண்டிவிடும். ஊறிய அழுக்கைக் காயவிடாமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில், தேவை இருந்தால் மட்டும், ஆசிட். அதுவும் தண்ணீரில் நன்றாகக் கலந்து, ஜாயிண்டை முன்னாடியே நனைத்துவிட்டு, பாட்டில் மூடியில் எடுத்துச் சொட்டாக விட வேண்டும். எப்போதும் தூரத்து மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கிப் பின்னாலேயே வர வேண்டும். டைல் எதையும் வைத்துக்கொள்ளாது, துடைத்தால் விட்டுவிடும். ஜாயிண்ட் விடாது. அந்த வீட்டில் என்ன சிந்தியதோ அது அங்கேதான் இருக்கும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அரியலூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்து, விற்பதற்காகத் திறந்த வீடு. பின்பக்கம் ஒரு சின்ன அறை. அறை முழுக்க ஜாயிண்ட் எல்லாம் கறுப்பு. ஒரு மூலையில் மட்டும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கோட்டில் இரண்டு இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நான் அந்த மூலையில் முதுகைச் சாய்த்து, காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தேன். என் இரண்டு குதிகாலும் சரியாக அந்த இரண்டு இடத்தில் போய் நின்றன. யாரோ வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து, குதிகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்காரரிடம், "இந்த ரூம்ல யாருங்க இருந்தாங்க?" என்று கேட்டேன். "அங்க யாரும் இருந்ததில்லையே, சாமான் போட்டு வச்சிருந்தோம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார். "மலரு, நம்ம வேலை தரையோட முடிஞ்சிருச்சு. தரைக்குக் கீழ இருக்கிறது அவுங்களோடது" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் பேசாமல் வந்துவிட்டேன். பிழைப்பு அப்படி.

உடையார்பாளையம் வீட்டுக்கு நாங்கள் போனது அதற்குப் பிறகு.

ஜெயங்கொண்டம் போகிற பாதையில், முந்திரித் தோப்பை ஒட்டிய வீடு. பழைய ஓட்டு வீட்டை முன்பக்கம் அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் கொல்லையில் புதிதாக ஒரு பெரிய அறை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஏ.சி., பக்கத்திலேயே பாத்ரூம், தரை முழுக்க வெள்ளை டைல். மகன் பிரபு சிங்கப்பூரில் வேலை. கல்யாணத்துக்காகக் கட்டிய அறை அது. கல்யாணம் முடிந்து அவன் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். வீட்டில் இருந்தது அவன் அம்மா தனபாக்கியம், அவன் மனைவி கயல்விழி. கயல் ஆண்டிமடத்துப் பெண். அப்போது மாசமாக இருந்தாள், வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்திருந்த மூத்த மகள் வசந்தி, காலையில் வந்தால் சாயங்காலம்தான் போவாள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

முதல் தடவை போனபோது எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டுத் தூரத்து மூலையில் ஆரம்பித்தேன். பாத்ரூம் சுவரை ஒட்டிய மூலை அது. ஜாயிண்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் மண்ணே சுண்ணாம்பு. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு குழி வெட்டினால் வெள்ளையாகத்தான் வரும். போர் தண்ணீரில் சுண்ணாம்பு, குழாயில் சுண்ணாம்பு, காய்ச்சிய பாத்திரத்தில் சுண்ணாம்பு. ஓரத்தில் வெள்ளை பூத்தால் இந்த ஊரில் யாரும் இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்கள். துடைத்தேன், போய்விட்டது, வந்துவிட்டோம்.

நாலைந்து நாளில் வசந்தியிடமிருந்து ஸ்டெல்லா அக்காவுக்குப் போன். திரும்பி வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று.

இந்தத் தடவை நன்றாகக் குனிந்து பார்த்தேன். பூத்திருந்தது என்று சொன்னேனே, அது சரியான வார்த்தை இல்லை. முளைத்திருந்தது. ஜாயிண்டிலிருந்து மெல்லிசாக, பூனை முடி மாதிரி, நிமிர்ந்து நின்றது. மூச்சு விட்டால் ஆடியது. அறை முழுக்க இல்லை, மற்ற மூன்று மூலையிலும் இல்லை. அந்த ஒரு மூலையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு டைலைச் சுற்றி மட்டும். வெளியே வெயில் கொளுத்துகிறது, அந்த இரண்டு டைல் மட்டும் கை வைத்தால் ஈரமாகவும் ஜில்லென்றும் இருந்தது.

"பாத்தீங்கல்ல? இது அழுக்கு இல்லைங்க, விபூதி. மந்திரிச்ச விபூதி" என்றாள் வசந்தி. "இவ அம்மாக்காரி வந்துட்டுப் போனதுக்கு அப்புறந்தான் இந்தக் கூத்து. என் தம்பிய முந்தானைல முடிஞ்சுக்கிட்டு, எங்கள வெளில தள்ளப் பாக்குறாங்க."

"ஏங்க, சுண்ணாம்புங்க இது, எல்லா வூட்லயும் வர்றதுதான்" என்றேன்.

"எல்லா வூட்லயும் வந்தா எல்லா மூலைலயும் வரணும்ல? அதெப்படி இந்த ஒரு மூலைல மட்டும் வருது?"

அதுதான் எனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

தண்ணீர் பிடிக்க அடுப்படிக்குப் போனேன். கயல் பின்னாலேயே வந்தாள். சின்னப் பெண், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, திரும்ப வராத மாதிரி பண்ணிடுங்கக்கா. இன்னொரு தடவ வந்துச்சுன்னா என்னைய ஆண்டிமடத்துல கொண்டுபோய் விட்டுடுவாங்களாம். திரும்பக் கூப்பிட மாட்டாங்களாம். அவருட்டயும் சொல்லிட்டாங்க. அவரு, அக்கா சொல்றபடி செய்ங்கன்னுட்டாரு."

"நீ எதுனா வச்சியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன்.

"எம் புள்ள மேல சத்தியமா இல்லக்கா."

வயிற்றின் மேல் கை வைத்துச் சொன்னாள். அந்த மூலையை அன்றைக்கு நான் தேய்த்த மாதிரி வாழ்க்கையில் எதையும் தேய்த்ததில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். தனபாக்கியம் அம்மா அறைக்குள் வரவே இல்லை. நாங்கள் வேலை பார்த்த நேரம் முழுக்க வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. டீயைக்கூட எட்டி, கையை நீட்டித்தான் கொடுத்தார். கால் படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. மகள் மருமகளைக் கரித்துக்கொட்டும்போது ஒரு வார்த்தை சேர்த்தும் பேசவில்லை, மறுத்தும் பேசவில்லை. அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை போனபோது வாசலில் கயலின் பை இருந்தது. ஜிப் இழுத்து மூடிய பெரிய பை. காருக்குச் சொல்லியாகிவிட்டது என்றாள் வசந்தி. அப்படியானால் எங்களை எதற்குக் கூப்பிட்டாள் என்றால், கயல் போனதும் அந்த அறையைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டுமாம். கயல் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை.

ஸ்டெல்லா அக்கா ஜாயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்சி பசை வைத்து அடைப்பதற்குச் சாமான் கொண்டுவந்திருந்தார். அது பிடித்தால் கல்லு மாதிரி ஆகிவிடும், தண்ணீர்கூட உள்ளே போகாது, வெளியே வராது. "அடைச்சுப்புட்டா வராதுங்க. கொஞ்சம் பொறுங்க, அந்தப் பொண்ணை அனுப்பாதீங்க" என்று வசந்தியிடம் கெஞ்சினார். ஸ்டெல்லா அக்கா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் மூலையில் உட்கார்ந்தேன். முன்பைவிட அதிகமாக முளைத்திருந்தது. நடுப்பகல், ஜன்னல் வழியாகப் பார்த்தால் முந்திரித் தோப்பில் ஒரு இலை அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஃபேன் சத்தம் நின்றதும் வீடு முழுக்க ஒரு அமைதி. வாசற்படியில் நின்ற தனபாக்கியம் அம்மா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஜாயிண்டை நனைத்துவிட்டு, பாட்டில் மூடியில் ஆசிட் எடுத்துச் சொட்டு விட்டேன். சுண்ணாம்பு என்றால் ஆசிட் பட்டதும் புஸ்ஸென்று நுரைக்கும். எத்தனையோ வீட்டில் எத்தனையோ தடவை பார்த்த நுரை. இது நுரைக்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டேன். சும்மா கிடந்தது. மூலையின் அந்தப் பக்கம் காய்ந்த இடத்தில் கொஞ்சம் விரலால் எடுத்து, டம்ளர் தண்ணீரில் போட்டேன். கரைந்து காணாமல் போய்விட்டது. சுண்ணாம்பு கரையாது. முதல் இரண்டு தடவையும் சுண்ணாம்புதானே என்ற நினைப்பில் துடைத்துத் தள்ளியிருக்கிறோம், ஒரு சொட்டு விட்டுப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நான் செய்ததை ஸ்டெல்லா அக்கா தடுப்பதற்குள் செய்துவிட்டேன். ஆசிட் படாத பக்கத்திலிருந்து இன்னொரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன்.

"அக்கா, உப்பு" என்றேன். "சமையல் உப்பு."

இதனால் கயல் பிழைத்தாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட. வசந்தி குதித்துக்கொண்டு வந்தாள்.

"உப்பா? உப்பு மந்திரிச்சுப் போட்டா குடும்பமே கரைஞ்சு போவும், தெரியுமா? அடிப்பாவி, விபூதிகூட இல்ல, உப்பையே வச்சிருக்கா!"

"யாரும் மேலேர்ந்து போடலைங்க" என்றேன். எனக்கும் சூடு ஏறிவிட்டது. தகட்டை எடுத்து ஜாயிண்டைச் சுரண்டினேன். மேலே வெள்ளை. அதற்குக் கீழே சிமெண்ட் முழுக்க ஈரம், அதற்கும் கீழே மணலில் பொடிப்பொடியாக வெள்ளை. "நல்லா பாருங்க. கீழேர்ந்து வருது. தரைக்கு அடிலேர்ந்து ஏறி வருது."

ஸ்டெல்லா அக்கா பாத்ரூம் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "பைப்பு எங்கயோ ஒழுகுதுங்க. தண்ணி கீழ எறங்கி, அடில இருக்கிற உப்பை இழுத்துக்கிட்டு மேல வருது. அவ்வளவுதான்."

"அடில உப்பு எப்படி வரும்?" என்றாள் வசந்தி. நியாயமான கேள்வி. அதற்கு அவளே பதிலும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்ப பொதைச்சு வச்சிருக்கா! டைல் ஒட்டுறதுக்கு முன்னாடியே இவ ஆளுங்க யாரோ வந்து பொதைச்சு வச்சிருக்காங்க. இருங்க, பேத்துப் பாத்துடுவோம். கையும் களவுமா எடுத்து ஊரக் கூட்டி வைக்கிறேன்."

கடப்பாரை எடுக்கக் கொல்லைக்கு ஓடினாள். கயல் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

வசந்தி கடப்பாரையோடு வரும்போது தனபாக்கியம் அம்மா வாசற்படியைத் தாண்டினார். நேராக நடந்து வந்து, நான் சுரண்டி வைத்திருந்த அந்த இரண்டு டைல் மேல் உட்கார்ந்தார். ஈரம், ஆசிட் எதையும் பார்க்கவில்லை.

"கடப்பாரைய எந்தலைல போட்டுட்டு அப்புறம் தரைல போடு" என்றார்.

"எம்மா, ஒனக்கென்ன பைத்தியமா? எந்திரி."

"அந்தப் பொண்ணு எதுவும் வைக்கலடி. உப்பு நான் வச்சது."

வசந்தி, "எப்ப வச்ச? எதுக்கு வச்ச?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"ஒனக்குப் பின்னாடி. தம்பிக்கு முன்னாடி."

வசந்திக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மா உட்கார்ந்திருந்த இரண்டு டைலையும் பார்த்தேன். எவ்வளவு சின்ன இடம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு முறத்தைக் கவிழ்த்தால் மூடிவிடும்.

தனபாக்கியம் அம்மா யாரையும் பார்க்காமல் பேசினார். "பொண்ணு. அப்ப இது கொல்ல. முருங்க மரம் நின்னுச்சு. ஒங்க அப்பத்தாதான் குழி வெட்டச் சொன்னாங்க. நாய் தோண்டிப்புடும், உப்பு போடுன்னாங்க. நான் அடுப்படிலேர்ந்து உப்புப் பானையத் தூக்கியாந்து கொட்டுனேன். முழுப் பானையும் கொட்டுனேன். கொஞ்சம் போதும்னாங்க, நான் கேக்கல. நாய் தொட்டுடக் கூடாதுன்னு அப்புடியே கவுத்துட்டேன்."

குழந்தை இறந்தால் கொல்லையில் புதைப்பதும், குழியில் உப்பு போடுவதும் எங்கள் பக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் ஆச்சரியம் இல்லை. அந்த உப்பு இத்தனை வருஷம் கழித்து எழுந்து வந்ததுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

"ரூம்பு கட்டுறேன்னான் பிரபு. முன்பக்கம் கட்டுடான்னேன், கேக்கல. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுன நாளெல்லாம் கொடையப் புடிச்சுக்கிட்டு இங்கயே நின்னேன். மேஸ்திரிக்கு, கெழவி வேல வாங்குறான்னு எரிச்சலு. கடக்கால் ரெண்டு பக்கமும் போச்சு, நடுவுல இது தப்பிச்சுச்சு. மேல டைல் ஒட்டிட்டாங்க. சரி, இனிமே யாரும் தொட மாட்டாங்கன்னு இருந்தேன்."

வசந்தி கையிலிருந்த கடப்பாரையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். "எனக்கு யாரும் சொல்லவே இல்லியே" என்றாள்.

"ஒனக்கு என்னத்தச் சொல்றது? மொதப் பொண்ணு, இருந்துட்டுப் போவட்டும்னாங்க. நீ இருந்துட்ட."

வசந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு அதுவரைக்கும் எவ்வளவோ கோபம் இருந்தது. அந்த ஒரு நொடியில் எல்லாம் போய்விட்டது. அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்ததுபோல் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து போய்க் காருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றாள். வாசலில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தாள். "உள்ள போ, கயலு. தப்பா நெனச்சுக்காத" என்றாள். தனபாக்கியம் அம்மாவும், "நீ எங்கயும் போவ வேணாம்மா. இது ஒன் வூடு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஸ்டெல்லா அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஸ்டெல்லா அக்கா வந்ததும் குழைத்து வைத்த எப்பாக்சி வாளியிலேயே இறுகிப்போயிருந்தது, அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

கயல் மெல்ல எழுந்து வந்தாள். மாமியாருக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி. அத்தனை நாள் தன்னைத் திட்டவிட்டு வேடிக்கை பார்த்தவர் என்று நினைக்காமல், ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தாள்.

"செத்துப் பொறந்துச்சா அத்த?" என்று கேட்டாள்.

தனபாக்கியம் அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பெண் அந்த வீட்டிலேயே இருந்திருப்பாள். அவர் சொல்லவில்லை.

"பால் குடிச்சுச்சும்மா" என்றார். "நல்லா குடிச்சுச்சு."

கயல் பிடித்திருந்த கையை விட்டாள். கொஞ்ச நேரம் அந்த டைலையே பார்த்தாள். பிறகு எழுந்து, உள்ளே வைத்த பையைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். வசந்தி, "கயலு, கயலு, அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாரு அப்புடி" என்று பின்னாலேயே போனாள். கயல் திரும்பாமல் படியிறங்கினாள்.

தனபாக்கியம் அம்மா இருந்த இடத்திலிருந்தே மகளைக் கூப்பிட்டார். "வுடு வசந்தி. போவட்டும். நான் அன்னிக்குப் போயிருக்கணும்."

வெயிலில் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மாசமான பெண் போகிறாள். நான் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தேன். "போ மலரு. சாமான நான் எடுத்து வச்சிக்கிறேன்" என்றார். ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். ஜெயங்கொண்டம் போய்த்தான் விருத்தாசலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதில் ஏறினால் ஆண்டிமடம். டவுன் பஸ்ஸில் நானும் கூடவே ஏறினேன். ஜெயங்கொண்டத்தில் இறங்கி நிழலில் நிற்கும்போது, ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாட்ட என்னான்னு சொல்லுவ?" என்றேன்.

"தெரியலக்கா." பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கட்டில் அங்கதான கெடந்துச்சு. அந்த மூலைலதான் தெனம் தல வச்சுப் படுப்பேன். விடியறப்ப எந்திரிச்சா வாயெல்லாம் உப்பு கரிக்கும்க்கா. நாக்கால ஒதட்டத் தொட்டா உப்பு. நான் மசக்கைன்னு நெனச்சேன்."

விருத்தாசலம் பஸ் வந்துவிட்டது. பையை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. உட்கார்ந்ததும் முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள். பஸ் திரும்புகிறவரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.